பேயைத் தேடுமுன் புகைபோக்கியைப் பாருங்கள்

1912ஆம் ஆண்டில் அமெரிக்கக் குடும்பம் ஒன்று பழைய, பெரிய வீடொன்றில் குடியேறியது. சில வாரங்களில் ஆளில்லாத அறைகளில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பின்னால் யாரோ நிற்பது போன்ற உணர்வு, நள்ளிரவில் உருவங்கள். குழந்தைகள் வெளிறிப்போனார்கள், பெரியவர்களுக்கு ஓயாத தலைவலி, தொட்டிச் செடிகளும் வாடின. கடைசியில் பிடிபட்டது வீட்டைச் சூடாக்கும் உலை. அதன் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் பரவியிருந்தது. கார்பன் மோனாக்சைடு நஞ்சு. வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் 1921இல் இதை மருத்துவ இதழில் பதிவு செய்தார்.

பேய் நடமாட்டம் என்று அழைப்பு வந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆர்வலர் குழுக்கள் முதலில் படிக்க வேண்டியது இந்தக் கதையைத்தான். குழு விடிய விடிய ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்க, அந்த வீட்டில் உறங்குகிறவர்கள் உயிருக்கே ஆபத்தான காற்றைச் சுவாசித்துக்கொண்டிருக்கலாம். குளிர்நாட்டு உலைதான் வேண்டும் என்பதில்லை. காற்றோட்டமற்ற குளியலறையில் எரியும் கேஸ் கீசரும், ஜன்னலுக்கு அடியில் ஓடும் ஜெனரேட்டரும் போதும். தலைவலி உண்டா, வெளியூர் போனால் சரியாகிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

அடுத்த தவறு, கதையைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலிருந்த பேய் வீடு என்று பெயரெடுத்த போர்லி பாதிரியார் இல்லத்தைப் பேய் ஆய்வாளர் ஹாரி பிரைஸ் 1937இல் ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்தார். நாளிதழில் விளம்பரம் கொடுத்து 48 தன்னார்வலர்களைச் சேர்த்தார். அவருடைய பையில் ஓசை எழாமல் நடக்க, காலணிக்கு மேல் அணியும் மெத்தென்ற கம்பளி உறை, அதிர்வைக் காட்டப் பாதரசக் கிண்ணம், கதவுகளை முத்திரையிட ஈயம் எல்லாம் இருந்தன. பொருள்கள் நகர்கின்றனவா என்று பார்க்க, அவற்றைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார்கள். இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லோர் கையிலும் அவர் கொடுத்த கையேட்டில் மணியோசை, காலடி, உருவம், நறுமணம் என எதிர்பார்க்க வேண்டியவற்றின் பட்டியலும் இருந்தது. அதைப் படித்துவிட்டு இருட்டில் உட்காரும் மனிதர் மரம் சுருங்கும் ஓசையை வேறெப்படிக் கேட்பார்? 1956இல் மூன்று ஆய்வாளர்கள் போர்லி விவகாரத்தை மறுபடி அலசி, எலிகளையும் அந்தக் கட்டடம் ஓசையை எதிரொலித்த விதத்தையும் சுட்டிக்காட்டினார்கள். குழுவில் இருவருக்காவது வீட்டின் கதையைச் சொல்லாதீர்கள். கண்டது, கேட்டது அனைத்தையும் அவர்கள் தனித்தனியாக, நேரத்துடன் எழுதட்டும்.

கருவிகளை நம்பி ஏமாறுவதும் அதிகம். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த அகச்சிவப்பு வெப்பமானி காற்றின் குளிரை அளக்காது. எதிரே உள்ள சுவரின் மேற்பரப்பைத்தான் அளக்கும். அறையின் நடுவே, பேயின் அடையாளம் எனப்படும் ‘குளிர்ந்த இடம்’ கண்டதாக அதை வைத்துச் சொல்ல முடியாது. மின்காந்தப் புலத்தைக் காட்டும் கே2 மீட்டரின் விளக்குகள் சுவருக்குள் ஓடும் மின்கம்பிக்கும் சட்டைப்பையிலிருக்கும் கைபேசிக்கும் கூட எரியும். புகைப்படத்தில் மிதக்கும் ஒளி உருண்டைகள் லென்ஸுக்கு மிக அருகே பறக்கும் தூசியில் ஃப்ளாஷ் பட்டுத் திரும்பிய வெளிச்சமே. பாயை ஒருமுறை உதறிவிட்டுப் படமெடுத்தால் வேண்டிய அளவு கிடைக்கும்.

ஒலிப்பதிவில் வேறு ஆபத்து. “இங்கே ‘போ’ என்கிறது, கேளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போட்டுக் காட்டினால் எல்லோருக்கும் ‘போ’ என்றுதான் கேட்கும். ஒன்றும் சொல்லாமல் தனித்தனியாகக் கேட்கவைத்து எழுதச் சொல்லுங்கள். பதிவின்போது யாராவது இருமினால், “இருமியது நான்” என்று அப்போதே வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

விக் டேண்டி என்ற பொறியாளரிடம் கற்க வேண்டியது பொறுமை. இங்கிலாந்தில் அவர் வேலை செய்த ஆய்வகத்தில் ஓரிரவு உடல் சில்லிட்டு வியர்த்தது. ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது. மறுநாள் வாள்வீச்சுப் போட்டிக்கான தன் வாளைப் பட்டறைப் பிடிப்பில் இறுக்கியிருந்தார். யாரும் தொடாமலே அதன் அலகு துடித்தது. அதை அவர் இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். புதிதாகப் பொருத்திய காற்றாடி, காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. வாளின் துடிப்புக்கும், தான் கண்ட உருவத்துக்கும் அதுவே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். 1998இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். இந்த விளக்கத்தையே எல்லா வீட்டுக்கும் ஒட்டவைப்பதும் தவறுதான். அளந்து பார்க்காமல் சொல்லக் கூடாது.

என்னை மிகவும் வருந்தவைக்கும் தவறு ஒன்று உண்டு. நள்ளிரவில், வீட்டுக்காரர்களின் குழந்தை கேட்டுக்கொண்டிருக்க, “இங்கே யாரோ இருக்கிறார்கள்” என்று சொல்லிவிடுவது. குழு காலையில் கிளம்பிவிடும். அந்தக் குழந்தை அடுத்த இரவும் அதே அறையில்தான் படுக்க வேண்டும். பதிவுகளை முழுவதும் பார்த்து முடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள். அதற்குப் பிறகும், சந்தேகம் தீராத இடத்தில் “காரணம் தெரியவில்லை” என்று மட்டும் சொல்லுங்கள், பெற்றோரிடம், பகலில்.