என்.ஐ.டபிள்யூ. மனுவுக்கு ஆர்.எஃப்.ஈ. வந்தால் பதில் எழுதும் முறை

அமெரிக்கக் குடியேற்றத்தில் உயர் பட்டமோ தனித்திறனோ உடையவர்களுக்கான கிரீன் கார்டு பிரிவான இ.பி-2-இல், எந்த நிறுவனத்தின் ஆதரவும் இல்லாமல் தாமே ஐ-140 என்ற குடியேற்ற மனுப் படிவத்தைத் தாக்கல் செய்ய வழிவிடுவது என்.ஐ.டபிள்யூ. எனப்படும் தேசிய நலன் விலக்கு. அந்த மனுவுக்கு யூ.எஸ்.சி.ஐ.எஸ். என்ற அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஆர்.எஃப்.ஈ., அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம், வந்ததும் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். தளரத் தேவையில்லை. இருக்கும் ஆதாரம் எந்த இடத்தில் போதவில்லை என்று அதிகாரி எழுத்திலேயே சொல்லியிருக்கிறார். அந்த இடத்துக்கு மட்டும் நேராகப் பதில் சொல்பவரின் மனுவே தேறும் வாய்ப்பு அதிகம்.

முதலில் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அதிகபட்சம் 84 நாட்கள் தரப்படும்; கடிதம் அஞ்சலில் அனுப்பப்பட்டால் அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கு மேலும் 3 நாட்கள் சேரும். கால நீட்டிப்பு கிடையாது. பதிலை அந்தத் தேதிக்குள் அனுப்பினால் போதாது, அது அலுவலகத்தைச் சென்றடைந்திருக்க வேண்டும். மேலும், பதில் ஒரே ஒருமுறைதான். பாதி ஆவணங்களை இப்போது அனுப்பிவிட்டு மீதியைப் பிறகு சேர்க்கலாம் என்று எண்ணினால், வந்த ஆவணங்களை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடுவார்கள். பதிலே வராவிட்டால் மனு கைவிடப்பட்டதாகக் கொண்டு நிராகரிக்கலாம்.

அடுத்து, கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். பல பக்கங்கள் நீளும் கடிதத்தில் பெரும்பகுதி சட்ட வாசகங்களாகவும் எல்லோருக்கும் பொதுவான பத்திகளாகவுமே இருக்கும். உங்கள் பணி, உங்கள் பரிந்துரைக் கடிதங்கள், நீங்கள் இணைத்த ஆவணங்கள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வரிகளை மட்டும் அடிக்கோடிடுங்கள்; அதிகாரியின் உண்மையான கேள்விகள் அவைதாம். என்.ஐ.டபிள்யூ. மனுக்களை மதிப்பிட, 2016-இல் வெளியான தானாசர் தீர்ப்பு மூன்று நிபந்தனைகளை வகுத்துள்ளது: மேற்கொள்ளவிருக்கும் பணிக்குக் கணிசமான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் இருக்க வேண்டும், அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் மனுதாரர் இருக்க வேண்டும், வேலை வாய்ப்புக் கடிதத்தையும் லேபர் சர்டிஃபிகேஷனையும் (அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கப் பணியாளர் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் துறைச் சான்று) விலக்குவது மொத்தத்தில் நாட்டுக்கு நன்மை தர வேண்டும். அடிக்கோடிட்ட ஒவ்வொரு வரியையும் இவற்றில் ஏதேனும் ஒன்றின் கீழ் வைத்துவிட்டால், பதிலின் அமைப்பு தானே உருவாகிவிடும்.

மனுக்கள் அதிகம் தடுமாறுவது தேசிய முக்கியத்துவத்தில்தான். துறை முக்கியமானது என்பதை நிறுவிவிட்டால் போதும் என்று மனுதாரர்கள் நம்புகிறார்கள். அதிகாரி கேட்பதோ துறையைப் பற்றி அல்ல, அந்தத் துறைக்குள் நீங்கள் செய்யவிருக்கும் குறிப்பிட்ட பணியின் தாக்கம் உங்கள் நிறுவனத்தையும் வாடிக்கையாளர்களையும் தாண்டி எவ்வளவு தூரம் போகும் என்பதை. தானாசர் தீர்ப்பிலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது: மனுதாரரின் அதிவேக உந்துவிசை ஆராய்ச்சி தேசிய முக்கியத்துவம் உடையதென ஏற்கப்பட்டது, அவர் மாணவர்களுக்குக் கற்பிக்கும் பணி பயனுள்ளதே என்றாலும், அதன் தாக்கம் துறை முழுவதற்கும் பரவும் என்று காட்டப்படவில்லை.

ஒரு பேட்டரிப் பொறியாளரை எடுத்துக்கொள்வோம். ‘மின்வாகனத் துறை அமெரிக்காவுக்கு இன்றியமையாதது, அதில் நான் பணியாற்றுவேன்’ என்ற வாதம் நிற்காது. ‘லித்தியம் பேட்டரி தீப்பற்றும் அபாயத்தை முன்கூட்டியே கண்டறியும் என் முறையை, வெவ்வேறு தயாரிப்பாளர்களும் பயன்படுத்தும் வகையில் மேம்படுத்துவேன்’ என்பது நிற்கக்கூடிய வாதம். அதற்குப் பின்னால், அந்த முறையை வேறொரு ஆய்வுக்குழு பயன்படுத்திய கட்டுரையின் உரிய பக்கத்தையும், அதைச் சோதித்துப் பார்த்த நிறுவனத்தின் கடிதத்தையும் வைக்க வேண்டும். உங்கள் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையைவிட இத்தகைய ஒரு பக்கமே வலுவானது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால், இங்கே ஓர் எல்லை உண்டு. முதல் மனுவில் சொன்ன பணியை விளக்கலாம், கூர்மையாக்கலாம்; அதை வேறொரு பணியாக மாற்றக் கூடாது. தகுதி மனு தாக்கலான நாளிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, அந்த நாளுக்கு முன் நடந்தவற்றுக்குப் புதிய சான்று தேடுங்கள்; அதற்குப் பின் கிடைத்த பட்டத்தையோ விருதையோ நம்பி வாதத்தைக் கட்டாதீர்கள்.

பரிந்துரைக் கடிதங்களில் ‘மிகச் சிறந்த ஆய்வாளர்’ போன்ற புகழுரைகளால் பயனில்லை. உங்களோடு பணியாற்றாத ஒரு நிபுணர், உங்கள் எந்தப் பணியை எதற்குப் பயன்படுத்தினார், அதனால் என்ன மாறியது என்று எழுதினால் அதற்கு எடை உண்டு. பல கடிதங்களில் ஒரே வாசகங்கள் திரும்பத் திரும்ப வந்தால் நம்பகத்தன்மை குலையும்.

மூன்றாவது நிபந்தனைக்கு, தகுதியான ஆட்கள் பற்றாக்குறை என்ற வாதத்தை மட்டும் நம்ப வேண்டாம். பற்றாக்குறையைத் தீர்க்கத்தான் லேபர் சர்டிஃபிகேஷன் இருக்கிறது என்று அதிகாரி சுலபமாகப் பதில் சொல்லிவிடுவார். உங்கள் பணி ஒரே நிறுவனத்தின் வேலை விவரத்துக்குள் ஏன் அடங்காது, அது தாமதமானால் என்ன இழப்பு என்பதை எழுதுங்கள்.

நிரூபிக்க வேண்டிய அளவு, ‘உண்மையாக இருக்கும் வாய்ப்பே அதிகம்’ என்பதுதான். ஐயத்துக்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. 2010-ஆம் ஆண்டின் சவாத்தே தீர்ப்பு இதைத் தெளிவாக்கியுள்ளது. பதில் கடிதத்தில் அதை ஒரு வரியில் குறிப்பிடலாம். அஞ்சலில் அனுப்புவதாக இருந்தால், வந்த ஆர்.எஃப்.ஈ. கடிதத்தின் அசலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, அதில் உள்ள முகவரிக்கே அனுப்புங்கள். பிறமொழி ஆவணங்களுக்கு முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் சான்றுரையும் வேண்டும்.

விரைவான முடிவுக்கான பிரீமியம் பிராசஸிங் கட்டணம் கட்டியிருந்தால், பதில் சேர்ந்ததிலிருந்து 45 வேலை நாட்கள் புதிதாகக் கணக்கிடப்படும். நிராகரிப்பு வந்தாலும் ஐ-290பி படிவத்தின் வழியாக 30 நாட்களுக்குள், முடிவு அஞ்சலில் வந்திருந்தால் 33 நாட்களுக்குள், மேல்முறையீடு செய்யலாம். புதிய மனுவும் போடலாம். ஆனால் நிராகரிக்கப்பட்ட மனுவின் பிரயாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைத் தீர்மானிக்கும் தேதி, அதற்குக் கிடைக்காது. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இ.பி-2 வரிசை பல ஆண்டுகள் நீள்வதால், மேல்முறையீடா புதிய மனுவா என்ற முடிவை எடுக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் முழுக் கோப்பையும் காட்டிவிடுங்கள்.