முதியோர் இல்லத்தில் சேர்க்கும் முன்: நம் நெல்லைப் பக்கம் நடக்கும் தவறுகள்

பிள்ளைகள் மும்பையிலும் துபாயிலும் இருப்பார்கள். அம்பாசமுத்திரத்து வீட்டில் ஆச்சி தனியாக இருப்பார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டால், இரண்டே நாளில் ஓர் இல்லம் தேடிச் சேர்த்துவிட்டு விமானம் ஏறவேண்டிய நெருக்கடி. அந்த அவசரத்தில்தான் தவறுகள் நடக்கின்றன.

அதில் பெரிய தவறு, முன்ஹாலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்களைப் படிக்காமல் நம்புவது. “எல்லாம் கவர்மென்ட்ல ரிஜிஸ்டர் பண்ணினதுதான் அண்ணாச்சி” என்று மேலாளர் கையைக் காட்டுவார். கிட்டே போய்ப் படியுங்கள். ஒன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரமாக இருக்கும். இன்னொன்று நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்று. மூன்றாவது சமையல்கூடத்துக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு. மூன்றும் உண்மையான காகிதங்களாகவே இருக்கலாம். ஆனால் முதியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் அனுமதி இவற்றில் எதிலும் கிடையாது. அறக்கட்டளை பதிய யாரும் கட்டடத்தை வந்து பார்ப்பதில்லை. கழிப்பறையில் கைப்பிடி இருக்கிறதா, இரவில் ஆள் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

நீங்கள் கேட்கவேண்டியது, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் முதியோர் இல்லமாகப் பெற்ற பதிவு. இதை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். சான்றிதழில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் கட்டடமும் ஒன்றுதானா, காலாவதி ஆகிவிட்டதா என்பதையும் பாருங்கள். காட்டத் தயங்கினால், எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அங்கே விடாதீர்கள். 2023-இல் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அனுமதி இல்லாமல் நடந்த காப்பகத்தில் ஆட்கள் காணாமல்போனது, துன்புறுத்தப்பட்டது என்று என்னவெல்லாம் புகார் வெளியே வந்தது என்று நாடே பார்த்தது.

அப்புறம், ஒரே பதிவு எல்லாருக்கும் போதும் என்று நினைப்பது. மனநோய் சிகிச்சையோ போதை மறுவாழ்வோ நடத்தினால் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தின் பதிவு வேண்டும். குழந்தைகள் இருந்தால் இளைஞர் நீதிச் சட்டப் பதிவு. டிரிப்ஸ் ஏற்றி, டாக்டர் வைத்து வைத்தியம் பார்த்தால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் பதிவு. அதைக் கவனிப்பவர் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர், ஜே.டி. ஆபீஸ் என்பார்களே, அதுதான். முதியவரும் மனநோயாளியும் குழந்தையும் ஒரே கூடத்தில் படுத்திருக்கும் இடத்தைச் சேவை என்று மெச்சுபவர்கள் உண்டு. எனக்கு அது பயமாகவே இருக்கிறது. யாரையும் எந்தக் காரணத்துக்காகவும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத் தீவிபத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பமுடியாமல் கருகியதை நம் தென்மாவட்டத்துக்காரர்கள் மறக்கவே கூடாது.

வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். முன்பணம் எவ்வளவு, பாதியில் அழைத்துப்போனால் எவ்வளவு திரும்பும், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள்.

சொத்தை எழுதிக்கொடுக்கும் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கடைசிவரை பார்த்துக்கொள்வதாக வாயால் சொன்னதை நம்பித் தானசெட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதவேண்டும். எழுதியிருந்தால், கவனிக்காமல் விடும்போது மேலே சொன்ன 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்பது எளிது. அதற்குப் போகவேண்டியது கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். பாளையங்கோட்டை, மானூர் பக்கத்துக்காரர்களுக்குத் திருநெல்வேலி. அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரத்துக்காரர்களுக்குச் சேரன்மகாதேவி.

இல்லத்தின்மேல் புகார் என்றால் அந்தத் தீர்ப்பாயத்துக்கு அலையாதீர்கள். சமூகநல அலுவலகத்துக்கு எழுதுங்கள். அல்லது திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். வாய்ப்புகாராக விட்டுவிடாமல் தேதி, என்ன நடந்தது, போட்டோ எல்லாம் சேர்த்து, மனு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். சங்கரன்கோவில், கடையநல்லூர் ஆட்கள் பழக்கத்தில் இன்னமும் நெல்லைக்கே பஸ் ஏறுகிறார்கள். 2019 நவம்பரிலிருந்து அவர்களுக்குத் தென்காசி கலெக்டர் ஆபீஸ்தான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் பேசலாம்.