ராணுவ வாகனப் பராமரிப்பைக் குத்தகைக்கு விடும்போது செய்யும் தவறுகள்

மலேசியாவின் குளுவாங்கில் செம்பனைத் தோட்டத்து லோரிகளோடு ராணுவ லோரிகளையும் துணைக் குத்தகையில் எடுத்துச் செய்த ஒரு பட்டறையில் ஸ்டோர் கணக்கு பார்த்தவன் நான். அங்கே கண்ட தவறுகளில் பெரியது, செய்த வேலையை எண்ணுவது. வண்டி ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை.

வெட்டிய செம்பனைக் குலை 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் லோரிக் குத்தகையாளரிடம் எத்தனை டயர் மாற்றினாய் என்று எந்தத் தோட்டத்திலும் கேட்பதில்லை. குலை போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. ராணுவ வண்டிக்கு மட்டும் எத்தனை சர்வீஸ், எத்தனை பார்ட்ஸ் என்று பில் போடுகிறோம். மாதத்தில் எத்தனை நாள் வண்டி கிளம்பத் தயாராக நின்றது என்பதற்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

ஒரு முறை பிரேக் ரப்பர் கிட் ஒரு பெட்டி வந்தது. பாக எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு. டெலிவரி சீட்டில் கையெழுத்து விழுந்தது, சப்ளையருக்குப் பணமும் போய்விட்டது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தால் ரப்பர் ஒரு நூல் பெரிது, சிலிண்டருக்குள் இறங்கவில்லை. அந்த மூன்று டன் லோரி ஏழு வாரம் சக்கரத்துக்குக் கட்டை வைத்தபடி நின்றது. காகிதத்தில் 'பாகம் வழங்கப்பட்டது'. மாட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது, ஒரே குத்தகையாளரை நம்பி மாற்று வழி இல்லாமல் நிற்பது. 2018 ஜூலையில் அப்போதைய தற்காப்பு அமைச்சர் முகமட் சாபு நாடாளுமன்றத்தில் சொன்னது எனக்கு இன்னும் வலிக்கிறது: ரஷ்யாவிலிருந்து வாங்கிய 28 போர் விமானங்களில் நான்குதான் பறக்கும் நிலையில் இருந்தன. உதிரிபாகச் சிக்கல், பராமரிப்புக் குத்தகையாளரின் ஒப்பந்தத்தையும் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பழுதுபார்ப்புக் கையேடுகளும் வண்டியின் பதிவேடுகளும் படையின் கையில் இருக்க வேண்டும் என்று முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஆள் மாறினாலும் வேலை நிற்காது. கூடவே படையின் சொந்த மெக்கானிக்குகளின் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கிவிடாதீர்கள். அவர்களுக்கு வேலை தெரிந்திருந்தால்தான் குத்தகையாளரின் வேலையை எடைபோட முடியும்.

தாமத அபராதத்தை எழுதிவிட்டு வசூலிக்காமல் விடுவதும் நடக்கிறது. கெம்பித்தா கவச வாகனங்கள் தாமதமாக வந்ததற்கான 162 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேற்பட்ட அபராதம் வசூலாகவில்லை என்று 2025-இல் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது.

போர்க்களத்துக்குக் குத்தகை ஆள் வருவாரா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அவர் சிப்பாய் அல்ல. படையோடு செல்ல அனுமதி பெற்ற குத்தகைப் பணியாளர் பிடிபட்டால், 1949 ஜெனிவா உடன்படிக்கைப்படி போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு உண்டு. அதற்குரிய அடையாள அட்டையைக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும்.

அப்புறம், மலிவான டெண்டர். குறைந்த விலைக்கு எடுத்தவர் இன்னொருவரிடம் தள்ளுவார், அவர் இன்னொருவரிடம். கடைசியில் ஸ்பானரைப் பிடிப்பது எங்களைப் போன்ற சின்னப் பட்டறை. எங்களுக்குப் பணம் வர நாலு மாதம் ஆகும். அதுவரை அடுத்த பார்ட்ஸுக்கு ஆர்டர் போடக் கையில் காசு இருக்காது. துணைக் குத்தகையாளருக்கு எத்தனை நாளில் பணம் போக வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்.