ஆரஞ்சு நிறம் ஏமாற்றிய கதை

ஒரு அமில-கார தரம்பார்த்தல் (டைட்ரேஷன்). குடுவையில் 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 25 மி.லி.; சொட்டுச் சொட்டாக விடும் அளவுக்குழாயான பியூரெட்டில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். கணக்குப்படி 25 மி.லி.யில் முடிய வேண்டும். எனக்கோ எட்டு மி.லி. தாண்டுவதற்குள், முடிவை நிறத்தால் காட்ட வேண்டிய மெத்தில் ஆரஞ்சு முழு மஞ்சளாகிவிட்டது. அதுவும் சட்டென்று மாறவில்லை, இழுத்து இழுத்து மாறியது. கரைசல்தான் தப்பு என்று இரண்டு முறை புதிதாகத் தயாரித்தேன். வீண் வேலை.

அப்புறம் பிஎச் மீட்டரை வைத்து வரைபடம் போட்டேன். 12.5 மி.லி.யில், அதாவது பாதி வழியில், பிஎச் 4.76. அமிலத்தின் வலிமையைக் குறிக்கும் பிகேஏ மதிப்பும் அதுவே. அந்தப் பகுதியில் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது பிஎச் 3.1 முதல் 4.4 வரை. அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீரும் சமநிலைப் புள்ளியோ 8.7-இல் இருக்கிறது! அசிட்டேட் அயனி நீரோடு வினைபுரிந்து கரைசலைக் காரமாக்கிவிடுகிறது. சமநிலைப் புள்ளி என்றால் பிஎச் 7, அதாவது நடுநிலை, என்று நானாக நினைத்திருந்தேன்.

காரப் பக்கத்தில் நிறம் மாறும் பினாப்தலீனுக்கு மாறினேன். 24.9 மி.லி.க்கும் 25.1 மி.லி.க்கும் நடுவில் பிஎச் 7.2-இலிருந்து 10.3-க்குத் தாவுகிறது. நாலே சொட்டு. ஒரே சொட்டில் இளஞ்சிவப்பு வந்து நின்றது.