க்யூஜிஐஎஸ் கன்சோலில் சூழல் மாறிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடியில் பாசன வாய்க்கால்களை வரைபடமாக்கும் இளைஞர்களுக்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைக் கற்றுக்கொடுத்து வருகிறேன். முனையத்தில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) காலையில் தாம் அமைத்த சூழல் மாறி (மென்பொருள்கள் படித்துக்கொள்ளும்படி பெயரிட்டு வைக்கும் மதிப்பு), மென்பொருளுக்குள் நிரல் எழுதி ஓட்ட இருக்கும் பைத்தான் கன்சோலில் ஏன் கிடைக்கவில்லை என்று அவர்களுள் ஒருவர் அண்மையில் அரை மணி நேரம் திண்டாடினார். நான் விழுந்து எழுந்த அதே குழிதான். கட்டளைப் பெயரில் எழுத்துப்பிழை, சூழல் மாறிகளைப் படிக்க உதவும் பைத்தானின் ஓஎஸ் தொகுதியை இறக்குமதி செய்ய மறப்பது போன்றவற்றைப் பிழைச்செய்தியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

ஐகானைச் சொடுக்கித் திறந்துவிட்டு, பாஷ்ஆர்சி கோப்பை நம்புவது

ஒரு மென்பொருள், தன்னைத் தொடங்கிய இடத்தில் அந்த நொடியில் இருக்கும் சூழல் மாறிகளின் நகலோடுதான் இயங்கத் தொடங்குகிறது. கல்லணையில் வெண்ணாற்றுக்குத் திறந்த நீர் கல்லணைக் கால்வாய்ப் பாசன வயலுக்கு வந்து சேராதது போல, லினக்ஸில் முனையம் திறக்கும்போது படிக்கப்படும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதியது முனையத்துக்கும் அதிலிருந்து தொடங்கியவற்றுக்குமே போகும். மேசைத்தளத்து ஐகானிலிருந்து திறந்த க்யூஜிஐஎஸ் வேறு மதகில் இருப்பதால் பொதுவாக அதற்கு அது எட்டுவதில்லை. விண்டோஸில் மாறியை நிலையாகப் பதியும் செட்எக்ஸ் கட்டளையும், அதற்குப் பிறகு திறக்கும் மென்பொருள்களுக்கே பயன்படும்.

மாறி கிடைக்காமல் போவதோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது. சோதனைத் தரவுத்தளத்தின் பெயரை பாஷ்ஆர்சியில் வைத்திருந்தேன். என் நிரலோ அந்த மாறியை கெட் முறையில் படித்து, அது இல்லாவிட்டால் உண்மைத் தரவுத்தளத்தின் பெயரை எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. முனையத்தில் மதிப்பு சரியாக இருப்பதை எக்கோ கட்டளையால் பார்த்துவிட்டு, ஐகானைச் சொடுக்கி, கன்சோலில் நிரலை ஓட்டினேன். அட்டவணையைக் காலி செய்து மாதிரித் தரவை நிரப்புவதே அதன் வேலை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடை வாய்க்கால்களில் மூன்று வாரம் சேற்றில் நடந்து எடுத்த அளவீடு போயிற்று. காப்புப்பிரதி அதற்கும் முந்தையது. பிழைச்செய்தி ஒன்றுகூட வரவில்லை.

மாற்று மதிப்பு கொடுப்பதை நல்ல பழக்கமாக இன்றும் பலர் கற்பிக்கிறார்கள். எழுத்துருவுக்கும் நிறத்துக்கும் அது பொருந்தலாம். எதை அழிப்பது என்று தீர்மானிக்கும் மாறியை, எல்லா மாறிகளும் இருக்கும் ஓஎஸ்.என்விரானில் சதுர அடைப்புக்குறி போட்டே படியுங்கள். அது இல்லையென்றால் கீஎரர் என்ற பிழை வந்து நிரல் அங்கேயே நிற்கும்.

மாறி க்யூஜிஐஎஸ்ஸுக்குக் கிடைக்க இரண்டு எளிய வழிகள் உண்டு: முனையத்திலிருந்தே அதைத் தொடங்கலாம்; அல்லது அமைப்புகளின் விருப்பங்களில், சிஸ்டம் பக்கத்தில் உள்ள சூழல் பகுதியில் மாறியைச் சேர்த்து, மென்பொருளை மூடித் திறக்கலாம்.

கன்சோலிலிருந்து எக்ஸ்போர்ட் செய்வது

முனையத்தில் மாறியை அமைக்கும் எக்ஸ்போர்ட் கட்டளையை ஓஎஸ்.சிஸ்டம் வழியாகக் கொடுத்தால், அது அந்தக் கட்டளைக்காக மட்டும் திறக்கும் ஒரு துணை ஷெல்லில் நடந்து அதோடு முடிந்துவிடும். வாய்க்காலில் ஊற்றியது ஆற்றுக்கு ஏறாது. ஓஎஸ்.என்விரானில் நேரடியாக மதிப்பு கொடுங்கள். ஆனால் மென்பொருள் தொடங்கும்போதே படித்துவிட்ட அமைப்புகள் அதனாலும் மாறமாட்டா.

மதிப்பை எண்ணாகக் கருதுவது

சூழல் மாறி எப்போதும் சரம்தான், அதாவது எழுத்துத் தொடர். தஞ்சைப் பகுதி அடங்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற வரைபட ஆள்கூறு மண்டலத்தின் அடையாள எண்ணான ஈபிஎஸ்ஜி குறியீடு 32644-ஐ மாறியில் வைத்து, எண் 32644-உடன் ஒப்பிட்டால் இரண்டும் சமமில்லை என்றே பைத்தான் சொல்லும். சுழியம் என்று எழுதி வைத்த மாறியும் இஃப் கூற்றில் உண்மையாகவே கொள்ளப்படும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

ஒரே பெயரைப் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் எழுதினால், லினக்ஸில் இரண்டும் வெவ்வேறு மாறிகள், விண்டோஸில் ஒன்றே.

முழு என்விரானையும் திரையில் அச்சிட்டு, படமெடுத்து வாட்ஸ்அப்பில் உதவி கேட்பது

மாறியில் வைத்திருந்தால், அந்தப் படத்தில் தரவுத்தளக் கடவுச்சொல்லும் இருக்கும்.