தோல் மாற்றங்களை விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் பிரிவுக்குப் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே தவறுகள் கண்ணில் படுகின்றன. சின்ன மேடான பேப்யூலை, பெரிய கட்டியான நாட்யூல் என்று எழுதுவது, அளவைக் குறிக்க மறப்பது எல்லாம் நாலு நோயாளிகளைப் பார்த்தால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

விவரிக்க வேண்டிய இடத்தில் நோயின் பெயரை எழுதுவது

இதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வட்டமாக ஒன்று தெரிந்தால் போதும், 'படர்தாமரை' என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவர் புறங்கையில் ஒரு வளையத்தோடு வந்தார். முதலில் பார்த்தவர் படர்தாமரை என்று எழுதியிருந்தார். அடுத்தடுத்துப் பார்த்தவர்களும் அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு, பூஞ்சை மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் களிம்பு, அப்புறம் மாத்திரை. வளையம் அசையவில்லை.

விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். சிறு சிறு மேடுகளைக் கோத்தது போலக் கெட்டியாக இருந்தது. ஆனால் மேற்பரப்பு வழவழவென்று இருந்தது, செதில் துளியும் இல்லை. படர்தாமரைப் பூஞ்சை மேல்தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தில் வளர்வது. அதனால்தான் அதன் விளிம்பில் செதில் உதிரும். இங்கே கோளாறு அதற்கும் கீழே, உள்தோலான டெர்மிஸில் இருந்தது. தோலில் சிறு துண்டை எடுத்துப் பார்த்த பயாப்சியில், பூஞ்சையால் வராத கிரானுலோமா ஆனுலேர் என்ற அழற்சி என்று வந்தது. பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும் ஒன்று அது. 'செதில் இல்லாத, விளிம்பு உயர்ந்த வளையம்' என்று முதல் நாளே எழுதியிருந்தால், இரண்டாவதாகப் பார்த்தவருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

மறுபக்கமும் உண்டு. உண்மையான படர்தாமரைக்கு, பூஞ்சையல்லாத தோல் அழற்சியான எக்சிமா என்று பெயர் வைத்து ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தால் சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை பரவிக்கொண்டே போகும். அதன்பின் விளிம்பும் செதிலும் கலைந்துபோய், அனுபவசாலிக்கே அடையாளம் பிடிபடாது.

ஆகவே வகை, அளவு, நிறம், மேற்பரப்பு, விளிம்பு, உடலில் எங்கெங்கே இருக்கிறது என்பதையெல்லாம் முதலில் எழுதுங்கள். பெயர் கடைசி வரிக்குப் போகட்டும். சந்தேகமா? விளிம்பைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, பூஞ்சை தெரிகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். வெளிறிய படை என்றால், உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். தொழுநோய் தப்பிப்போவது இங்கேதான்.

அழுத்திப் பார்க்காமல் 'சிவப்பு' என்று எழுதுவது

கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்துங்கள். நிறம் மறைந்தால் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றன. மறையாவிட்டால் ரத்தம் வெளியே கசிந்திருக்கிறது, அதாவது பர்ப்யூரா. காய்ச்சலோடு பர்ப்யூரா வந்தால் அது அவசரம். அந்த நோயாளியை வரிசையில் உட்கார வைக்கக் கூடாது.

கருமையான தோலிலும் சிவப்பையே தேடுவது

அங்கே அழற்சி ஊதாவாக, அடர்பழுப்பாக, சாம்பலாகத் தெரியும். பக்கத்துத் தோலோடு ஒப்பிடுங்கள், சூட்டைத் தொட்டுப் பாருங்கள்.

செதிலையும் பொருக்கையும் ஒன்றாக்குவது

செதில் கெரட்டின். பொருக்கு காய்ந்த கசிவுநீர், சீழ் அல்லது ரத்தம்.

தடிப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்காதது

அரிப்போடு தடிப்புகள் எழும் அர்ட்டிகேரியாவில் ஒரு தனித் தடிப்பு பொதுவாக 24 மணி நேரத்துக்குள் மறைந்துவிடும், வேறு இடத்தில் புதிதாக எழும். 'நாலு நாளாக இருக்கிறது' என்று நோயாளி சொன்னால், ஒரே தடிப்பையா, மாறி மாறி எழுவதையா, எதைச் சொல்கிறார் என்று தெரியாது. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, மறுநாள் வரச் சொல்லுங்கள். கோட்டுக்குள் அதே தடிப்பு இருந்தாலோ, காயம் கன்றியது போல் தடம் விட்டிருந்தாலோ, ரத்தக் குழாய் அழற்சியான வாஸ்குலைட்டிஸ் இருக்கலாம் என்று நினைத்துப் பயாப்சிக்கு அனுப்புங்கள்.