விடுமுறைக்கு வந்து ஊரில் வெல்டிங் வேலை கொடுக்கும் முன்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் விடுமுறைக்கு வருகிறவர்கள் பலரும் வீட்டு வேலைகளை மனதில் குறித்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். அப்பா பிடித்து ஏற மாடிப்படிக்குக் கைப்பிடி, அடுக்களை ஜன்னலுக்கு கிரில், துருவேறிய கேட்டுக்குப் பதில் புதிய கேட், மொட்டை மாடியில் ஷீட் கூரை. இதெல்லாம் வெல்டிங் பட்டறை வேலை. கொங்கு நாட்டில் இந்த வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமே கிடையாது. கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி, கோவையில் பம்பும் மோட்டாரும் என்று இரும்போடு தலைமுறைகளாகப் பழகிய ஊர்கள் இவை. பெரும்பாலும் காரியத்தைக் கெடுப்பது நம் அவசரமும், வேலையைச் சரியாகச் சொல்லாததும்தான்.

நாள் கணக்கை முதலில் பாருங்கள். தீபாவளி, பொங்கலை ஒட்டிப் பல நாள் பட்டறை திறக்காது. ஆயுத பூஜையன்று மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஊர் மாரியம்மன் நோன்பி சாட்டிவிட்டால் உள்ளூர் ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தும் நாளும் ஒன்று வரும். "நாளன்னைக்கு முடிச்சுப் போடலாமுங்கண்ணா" என்று அவர் சொல்வது நல்ல மனதோடுதான். ஆனால் அந்தக் கணக்கில் இதெல்லாம் சேர்ந்திருக்காது. அதனால் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் இருப்பவர்கள் மூலம் ஆளைப் பிடித்து, அளவெடுக்க வைத்து, வந்த முதல் வாரத்திலேயே இரும்பு வாங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். கேட் மாட்டும் நாளுக்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு வாரமாவது இருக்கட்டும்.

ஆளைத் தேட எனக்குத் தெரிந்த நல்ல வழி இரும்புக் கடைதான். யார் தடிமனான குழாய் கேட்டு வாங்குகிறார், யார் இருப்பதிலேயே மெல்லியதைத் தேடுகிறார் என்பது கடைக்காரருக்குத் தெரியும். வீடு கட்டிய கொத்தனாரையும் கேட்கலாம். இரண்டு மூன்று பெயர் கிடைத்தால், அவர்கள் போனில் காட்டும் புதுக் கேட் படங்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஐந்து வருஷத்துக்கு முன் அவர் செய்த கேட் எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டு, போய்ப் பாருங்கள். கதவு தரையில் இழுக்கிறதா, கீல் பக்கம் துரு வழிந்திருக்கிறதா, குழாயின் திறந்த முனைகளை மூடியிருக்கிறாரா என்று பார்த்தால் போதும், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

அடுத்தது விலை. இங்கேதான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் ஏமாந்து போகிறார்கள், அதுவும் பேரம் பேசி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டே. கிலோ கணக்கிலோ சதுர அடிக் கணக்கிலோ விலை சொல்வார்கள். சதுர அடிக் கணக்கில் நீங்கள் குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு ரூபாயும் இரும்பின் கனத்தில்தான் குறையும். வெளியில் பார்த்தால் தெரியாது. 40க்கு 40 மில்லிமீட்டர் ஸ்கொயர் டியூப் 2 மி.மீ. கனத்தில் 20 அடி நீளம் ஏறத்தாழ 14 கிலோ வரும். அதே டியூப் 1.6 மி.மீ. என்றால் பதினொன்றரை கிலோதான். பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதனால் டியூப்பின் அளவு, கனம், எத்தனை நீளம் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பட்டறையில் கேஜ் கணக்கில் பேசுவார்கள்: 14 கேஜ் ஏறத்தாழ 2 மி.மீ., 16 கேஜ் 1.6, 18 கேஜ் 1.2. அளவெல்லாம் அடி, அங்குலம், நூல்தான், அங்குலத்துக்கு எட்டு நூல். மில்லிமீட்டரில் பழகியவர்கள் படத்தில் இரண்டையும் எழுதிவிடுங்கள். டியூப்பில் ஐ.எஸ். 4923 என்ற இந்தியத் தர எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கிலோக் கணக்கு என்றால் முடிந்த கேட்டை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கச் சொல்லுங்கள். நேர்மையான பட்டறைக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். பில் வேண்டுமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தே விலை பேசிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: பிரைமர் பூசுவதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போங்கள். பூச்சு எதுவும் படாத வெறும் இரும்பாகப் பார்த்தால்தான் பற்றவைப்பு தெரியும். ஒவ்வொரு மூலையிலும் வெல்டிங் சுற்றிலும் ஓடியிருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் அழகாக ஓட்டி, பின்னால் இரண்டு டாக் (புள்ளிபோலச் சின்னப் பற்றவைப்பு) அடித்துவிட்டு நிறுத்துவது வழக்கமான குறுக்குவழி. பற்றவைத்த மேட்டை வழுவழுவென்று கிரைண்டிங் செய்து தேய்த்திருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அந்த மேட்டைத் தேய்த்தால் பலமும் குறையக்கூடும். கீல் இருக்கும் இடத்தில் அதைத் தேய்க்க விடாதீர்கள். பற்றவைப்பின் மேல் படிந்த கசடைத் தட்டி எடுக்காமல் பிரைமர் பூசினால் ஒரே மழைக்காலத்தில் பெயிண்ட் உரிந்து வரும். குழாயின் முனைகளை மூடச் சொல்லுங்கள், கீழ்ப்பக்கம் தண்ணீர் வடிய ஒரு சிறு துளையும் போடச் சொல்லுங்கள். ஜி.ஐ. குழாய் என்றால் பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த இடங்களுக்கு ஜிங்க் பெயிண்ட் தனியாகப் பூச வேண்டும்.

கைப்பிடிக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட்பவர்கள் 304 ரகம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 202 விலை குறைவு, நிக்கலும் குறைவு, வெளியில் வெயிலிலும் மழையிலும் நின்றால் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விழும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அதற்கென்று ஒரு சொட்டு ரசாயனம் விட்டுப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, எஸ்.எஸ். கடைகளில் கேட்டால் செய்து காட்டுவார்கள்.

மொட்டை மாடி ஷீட் கூரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் வெறும் பழமொழி அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுவதை நம்பித்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். அதனால் தூண்களை அடிப் பலகை வைத்து, ஆங்கர் போல்ட் போட்டு கான்கிரீட்டில் பிடிக்க வேண்டும். தளத்தின் மேல் ஓடு பதித்திருந்தால் போல்ட் அந்த ஓடுகளைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓரங்களில் திருகுகள் நெருக்கமாக இருக்கட்டும். விடுமுறை டிசம்பரில் என்றால் காற்றே இல்லாத நேரத்தில் கூரை திடமாகத்தான் தெரியும். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டும் அப்படித்தான்: 1000 லிட்டர் என்றால் 1 டன். அதைக் கண் மதிப்பில் செய்ய விடாதீர்கள், ஒரு பொறியாளரிடம் காட்டிக் கால்களின் அளவை முடிவு செய்யுங்கள்.

வீட்டில் வந்து பற்றவைக்கும் நாளில் சிலிண்டர், பஞ்சு மெத்தை, காய்ந்த தென்னை ஓலை எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். கிரைண்டிங் பொறி ஜன்னல் கண்ணாடியிலும் கார் கண்ணாடியிலும் பட்டால் போகாத புள்ளியாகிவிடும், டைல்ஸில் விழுந்த இரும்புத்தூள் துருக்கறையாகும். நனைத்த சாக்கை விரித்து மூடிவிடுங்கள். எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இரும்பிலேயே மாட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் அந்த வெளிச்சத்தை ஆசையாக வேடிக்கை பார்ப்பார்கள். அப்போது ஒன்றும் தெரியாது, ராத்திரியில் கண்ணில் மணல் கொட்டியதுபோல எரிந்து தூங்க விடாது. உள்ளே அனுப்பிவிடுங்கள். பற்றவைக்கிறவரும் வெறுங்கையோடு, கறுப்புக் கண்ணாடி மட்டும் போட்டு நிற்பதைப் பார்ப்பீர்கள். முகக்கவசமும் கையுறையும் பெரிய செலவில்லை. வாங்கிக் கொடுத்து, "இதப் போட்டுட்டுப் பண்ணுங்கண்ணா" என்று சொன்னால் போட்டுக்கொள்வார்கள். வெயிலில் நிற்கிற ஆளுக்கு மோரும் நிழலும் நம் பொறுப்பு.

பணத்தில் இரும்பு வாங்கும் அளவுக்கு முன்பணம், பிரைமருக்கு முன் நீங்கள் பார்த்ததும் அடுத்த பகுதி, மாட்டி முடித்ததும் மீதி என்று பிரித்துக்கொள்ளலாம். சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா, இங்கிலாந்து உள்ளிட்ட சில நாட்டு எண்களை என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. என்னும் வெளிநாடு வாழ் இந்தியர் வங்கிக் கணக்கோடு இணைத்து யு.பி.ஐ. பயன்படுத்த 2023 முதல் வழி வந்திருக்கிறது. உங்கள் வங்கியில் கேட்டு வையுங்கள், ரொக்கம் தேடி அலைய வேண்டாம்.

மாட்டும்போது அங்கேயே பற்றவைத்த இடங்களில் பெயிண்ட் கருகியிருக்கும். மீதிப் பணம் கொடுக்கும் முன் அந்த இடங்களுக்கு மறுபடி பிரைமரும் பெயிண்டும் பூச வையுங்கள். விலை பேசும்போதும் கணக்கு முடிக்கும்போதும் அப்பாவையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துத் தாழ்ப்பாள் சேராவிட்டால் அந்தப் பட்டறைக்குப் போன் போடப் போகிறவர்கள் அவர்கள்தான்.